போட்டியாளர் குறுக்கு வழியில் போகிறார், நாமும் போகலாமா?

நூல்கண்டு:

வணக்கம் நண்பர்களே. தொழிற்சாலைகளுக்கு பிரஷர் கேஜ், வெப்பமானி மாதிரியான அளவுக் கருவிகளை விற்று, அவ்வப்போது சரிபார்த்தும் கொடுக்கிற சிறிய நிறுவனம் எங்களுடையது. நானும் ஒரு கூட்டாளியும் நடத்துகிறோம். எங்களைவிடப் பல மடங்கு பெரிய நிறுவனம் ஒன்று இப்போது இதே வேலைக்குள் வந்திருக்கிறது. பெயர் வேண்டாம்.

அவர்கள் வந்ததிலிருந்து நடப்பதைச் சொல்கிறேன். நாங்கள் வாங்கும் விலைக்கும் கீழே அவர்கள் விற்கிறார்கள். எங்கள் விற்பனைப் பிரிவில் இருந்தவரை அதிகச் சம்பளம் கொடுத்து எடுத்துக்கொண்டார்கள். அவர் போன கையோடு எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒவ்வொருவராக போன் போகிறது. யாருடைய சர்வீஸ் ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிகிறது என்பது வரை அங்கே தெரிந்திருக்கிறது. இணையத்தில் எங்கள் மேல் ஒற்றை நட்சத்திர ரிவ்யூக்கள் வரிசையாக விழுகின்றன. எழுதியவர்களில் யாரும் எங்களிடம் எதையும் வாங்கியதாகப் பதிவே இல்லை.

கூட்டாளி, "அவன் செய்வதை நாமும் செய்வோம், ரிவ்யூ எழுத ஆள் பிடிப்பது என்ன பெரிய காரியமா?" என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை, ஆனால் ஏன் என்று அவருக்கு எடுத்துச் சொல்லத் தெரியவில்லை. இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. மேலே சொன்னதில் எது உண்மையிலேயே அநியாயம், எது எனக்கு வலிப்பதால் மட்டும் அநியாயமாகத் தெரிகிறது?

விலைச்சீட்டு:

பெரும்பாலும் வலிதான், நண்பரே. கோபித்துக்கொள்ளாதீர்கள். விலையைக் குறைத்து விற்பது குற்றமா? கூடுதல் சம்பளம் கொடுத்து ஆள் எடுப்பது குற்றமா? முதலாவதில் வாங்குபவருக்கு லாபம், இரண்டாவதில் உங்கள் பழைய ஊழியருக்கு லாபம். அவர்களைக் கேட்டுப் பாருங்கள், அநியாயம் என்று சொல்கிறார்களா என்று. நீங்கள் இந்தத் தொழிலுக்குள் வந்தபோது உங்களுக்கு முன்னால் இருந்தவரும் உங்களைப் பற்றி இப்படித்தான் புலம்பியிருப்பார்.

ரிவ்யூ விஷயம் வேறு. அது பொய். அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

கறுப்புக்கோட்டு:

விலைச்சீட்டு சொல்வதில் பாதி சரி. அந்தப் பாதியை நீதிமன்றங்கள் அறுநூறு வருடங்களுக்கு முன்பே சொல்லிவிட்டன. 1410இல் இங்கிலாந்தின் குளோஸ்டரில் பள்ளி நடத்திய ஆசிரியர்கள் இருவர் வழக்குப் போட்டார்கள். புதிதாக ஒருவர் வந்து அதே ஊரில் பள்ளி தொடங்கிவிட்டார், அதனால் ஒரு பிள்ளைக்குக் காலாண்டுக்கு 40 பென்னி வாங்கிய இடத்தில் இப்போது 12 பென்னிதான் கிடைக்கிறது என்பது புகார். நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. நஷ்டம் உண்மைதான், ஆனால் எதிராளி செய்தது தவறு இல்லை என்றது.

மீதிப் பாதி 1707இல் வந்தது. கீபிள் என்பவர் தன் நிலத்தில் காட்டு வாத்துகளை வரவழைத்துப் பிடிப்பதற்கென்று ஒரு குளம் வைத்திருந்தார். பக்கத்தில் இருந்த ஹிக்கரிங்கில் துப்பாக்கியால் வெடித்து வெடித்து வாத்துகளை விரட்டினார். தலைமை நீதிபதி ஹோல்ட் இதைப் பிரித்துப் பார்த்தார். ஹிக்கரிங்கில் தன் நிலத்தில் இன்னொரு குளம் அமைத்து, வாத்துகள் அங்கே போயிருந்தால் கீபிளுக்குப் பேச இடமில்லை. வெடி வைத்து விரட்டியதுதான் தவறு. பழைய பள்ளி வழக்கையும் ஹோல்ட் அதே இடத்தில் எடுத்தார்: பக்கத்தில் புதுப் பள்ளி தொடங்கலாம், ஆனால் வழியில் துப்பாக்கியோடு நின்று பிள்ளைகளைப் பயமுறுத்தி அடுத்தவர் பள்ளிக்குப் போகவிடாமல் செய்யக் கூடாது.

இத்தனை வருடத் தொழிலில் எனக்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடைக்கவில்லை. எதிராளிக்கு எவ்வளவு நஷ்டம் என்பதை விடுங்கள். வாங்குபவர் தானாக அந்தப் பக்கம் போனாரா, இந்தப் பக்கம் வரவிடாமல் விரட்டப்பட்டாரா? நூல்கண்டு, உங்கள் மூன்று புகார்களையும் இந்தக் கேள்வியில் வைத்துப் பாருங்கள்.

அரைக்கால்:

வாத்துகளிடம் யாரும் அபிப்பிராயம் கேட்டதாகத் தெரியவில்லை. எந்தக் குளத்துக்குப் போனாலும் அதுகளுக்கு முடிவு ஒன்றுதான் :)

கறுப்புக்கோட்டு:

அரைக்கால், சிரிப்புக்குச் சொன்னாலும் அது சரியான ஆட்சேபம். அந்தக் காலச் சட்டம் வியாபாரிக்கும் வியாபாரிக்கும் நடுவே மட்டும்தான் நியாயம் பார்த்தது. வாங்குபவரும் ஒரு கட்சி என்பது மெதுவாகத்தான் உறைத்தது. காப்புரிமை, வணிகச் சின்னம் போன்றவற்றுக்கான சர்வதேச ஒப்பந்தமான 1883இன் பாரிஸ் உடன்படிக்கையில் நியாயமற்ற போட்டி பற்றிய பிரிவு 1900இல்தான் சேர்ந்தது. போட்டியாளரைப் பற்றிப் பொய் சொல்லி அவர் பெயரைக் கெடுப்பது 1925இல் அதில் வெளிப்படையாக ஏறியது. தன் சரக்கைப் பற்றியே சொல்லி மக்களைத் தவறாக எண்ண வைப்பது 1958இல்தான் ஏறியது. வியாபாரியைக் காப்பாற்றிய பிறகு வாங்குபவரைக் காப்பாற்ற முப்பத்து மூன்று வருடம் ஆகியிருக்கிறது.

நூல்கண்டு:

நன்றி ஐயா. ரிவ்யூ துப்பாக்கி வெடி என்பது புரிகிறது. விலையில்தான் குழப்பம். வாங்கும் விலைக்குக் கீழே விற்பது எந்தப் பக்கம்? வாடிக்கையாளர் தானாகத்தானே போகிறார்?

ஐந்தொகை:

முதலில் ஒரு திருத்தம். உங்கள் கொள்முதல் விலைக்குக் கீழே என்பது அவர்களுடைய கொள்முதல் விலைக்கும் கீழே என்று ஆகாது. ஒரே தடவையில் ஆயிரம் கேஜ் எடுப்பவருக்குத் தயாரிப்பாளர் கொடுக்கும் விலை, ஐம்பது எடுப்பவருக்குக் கிடைக்காது. அவர்கள் உண்மையிலேயே மலிவாக வாங்கி மலிவாக விற்றால் அது திறமை. அதில் புகார் சொல்ல ஒன்றும் இல்லை. நீங்கள் வேறு எதிலாவது ஜெயிக்க வேண்டும்.

அவர்களும் நஷ்டத்துக்கே விற்றால்? அப்போது 'ஏன்' என்ற கேள்வி வருகிறது. பழைய சரக்கைக் காலி செய்ய, புதுச் சந்தையில் முகம் காட்ட, இப்படி எத்தனையோ நேர்மையான காரணங்கள் உண்டு. நேர்மையில்லாத காரணம் ஒன்றுதான்: நீ மூடும் வரை நஷ்டப்படுகிறேன், மூடியபின் வசூலித்துக்கொள்கிறேன்.

இதற்கு ஒரு வழக்கு அருமையான உதாரணம். நெதர்லாந்தின் ஆக்ஸோ பெரிய வேதிப்பொருள் நிறுவனம். பிரிட்டனில் ஈசிஎஸ் என்ற சிறிய நிறுவனம் மாவை வெளுக்க வைக்கும் ஒரு பெராக்சைடைத் தயாரித்து ஆலைகளுக்கு விற்றுக்கொண்டிருந்தது. அதே பொருளை பிளாஸ்டிக் தொழிலும் வாங்கும். ஆக்ஸோவுக்கு உண்மையான வருமானம் அங்கேதான். 1979இல் ஈசிஎஸ் பிளாஸ்டிக் பக்கம் எட்டிப் பார்த்ததும், அதை விட்டு விலகாவிட்டால் மாவுச் சந்தையில் விலையை உடைத்து உன்னைக் காலி செய்வோம் என்று ஆக்ஸோ நேரிலேயே மிரட்டியது. பிறகு விலையை உடைக்கவும் செய்தது. ஐரோப்பிய ஆணையம் 1985இல் அபராதம் போட்டது, 1991இல் ஐரோப்பிய நீதிமன்றம் அபராதத் தொகையைக் குறைத்தாலும் குற்றத்தை உறுதி செய்தது.

அந்தத் தீர்ப்பில் ஒரு கணக்கு இருக்கிறது. சந்தையில் ஆதிக்கம் உள்ள நிறுவனம் ஒரு பொருளை, உற்பத்திக்கு ஏற்ப ஏறி இறங்கும் சராசரிச் செலவுக்கும் கீழே விற்றால், எதிராளியை ஒழிப்பதைத் தவிர வேறு நோக்கம் இருக்க முடியாது என்று எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேலே, ஆனால் மொத்தச் சராசரிச் செலவுக்குக் கீழே விற்றால், ஒழிக்கும் திட்டம் இருந்தது என்று தனியாக நிரூபிக்க வேண்டும். அமெரிக்கா இன்னும் கறார். 1993இல் ஒரு சிகரெட் விலை வழக்கில் அங்கே உச்ச நீதிமன்றம், செலவுக்குக் கீழே விற்றதைக் காட்டினால் போதாது, அந்த நஷ்டத்தைப் பின்னால் திரும்ப எடுக்க நிஜமான வாய்ப்பு இருந்தது என்றும் காட்டு என்றது.

ஆக உங்கள் விஷயத்தில் பார்க்க வேண்டியது இதுதான்: நீங்கள் மூடிவிட்டால் அவர்களால் விலையை ஏற்ற முடியுமா? அடுத்த மாதமே இன்னொரு சிறு நிறுவனம் முளைக்க முடிகிற தொழில் என்றால் அவர்கள் செய்வது அநியாயத்தைவிட முட்டாள்தனம்.

விலைச்சீட்டு:

ஐந்தொகையின் கடைசி வரியைத்தான் நானும் சொல்ல வந்தேன். விலையை உடைத்து ஆளை ஒழிப்பது அவ்வளவு எளிதில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புரோமின் என்ற வேதிப்பொருளைத் தயாரித்த ஜெர்மன் நிறுவனங்களின் கூட்டணி, அமெரிக்காவின் ஹெர்பர்ட் டவ் தங்கள் பகுதிக்குள் விற்க வந்த கோபத்தில், அமெரிக்காவில் புரோமினை அடிமட்ட விலைக்குக் கொட்டியது. டவ் என்ன செய்தார்? தன் விற்பனையை நிறுத்திவிட்டு, ஆட்கள் மூலம் அந்த மலிவு ஜெர்மன் சரக்கையே வாங்கி, வேறு பொட்டலத்தில் அடைத்து ஐரோப்பாவுக்கு அனுப்பி லாபத்துக்கு விற்றார். அமெரிக்காவில் இவ்வளவு சரக்கு எப்படிப் போகிறது என்று கூட்டணிக்கு வெகுநாள் பிடிபடவில்லை.

நூல்கண்டு, அவர்கள் உங்கள் கொள்முதல் விலைக்குக் கீழே விற்கிறார்கள் என்றால் அவர்களிடமே வாங்குங்களேன்!

நூல்கண்டு:

விலைச்சீட்டு, இரண்டு வகை கேஜை ஒரு தெரிந்தவர் மூலம் வாங்க முயற்சி செய்தோம். ஆளுக்கு இத்தனைதான் என்று கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். டவ் கதையை அவர்களும் படித்திருப்பார்கள் போல.

விலைச்சீட்டு:

அடடா. சரி, அது கொஞ்சம் சந்தேகத்துக்குரியதுதான்.

ஆனாலும் நோக்கத்தை வைத்து நியாயம் பேசுவது எனக்கு ஒப்பவில்லை. போட்டி என்றாலே எதிராளியின் இடத்தைப் பிடிக்கத்தான். 1880களில் சீனத் தேயிலை ஏற்றும் கப்பல் நிறுவனங்கள் கூட்டுச் சேர்ந்து, வெளியில் நின்ற மோகல் நிறுவனத்தைத் துரத்த, கட்டுப்படியாகாத கட்டணத்துக்குக் கப்பல் விட்டன. தங்களுக்கு மட்டுமே சரக்குக் கொடுப்பவருக்கு 5 சதவீதம் தள்ளுபடி கொடுத்தன. வழக்கு பிரிட்டனின் அன்றைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபை வரை போய் மோகல் தோற்றது. தன் லாபத்துக்காகச் செய்தது, வேறு சட்ட விரோத வழி எதுவும் இல்லை, அதனால் குற்றமில்லை என்பது முடிவு. நோக்கத்தை யார் அளப்பது?

கறுப்புக்கோட்டு:

நோக்கத்தை அளந்த நீதிமன்றமும் உண்டு. 1909, அமெரிக்காவின் மினசோட்டா. ஒரு பணக்கார வங்கிக்காரருக்கு ஊர் முடி திருத்துபவர் ஒருவர் மேல் ஏதோ கோபம். அவரை ஒழிக்கவே தன் காசில் போட்டியாக ஒரு முடிதிருத்தகத்தை வைத்தார், லாபம் பார்க்கும் எண்ணமே இல்லாமல். இதுதான் புகார். அது உண்மையானால் வழக்குச் செல்லும் என்று மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. லாபத்துக்காகக் கடை வைப்பவன் போட்டியாளன். ஒருவனை ஒழித்த மறுநாளே மூடிவிடும் எண்ணத்தோடு வைப்பவனைப் போட்டியாளன் என்று ஏன் சொல்ல வேண்டும் என்பது அதன் வாதம்.

மோகல் தீர்ப்பு சட்டமாக அன்று சரியாக இருந்திருக்கலாம். பல விற்பனையாளர்கள் கூட்டாக வெளியாளை அடிப்பதை இன்றைய போட்டிச் சட்டங்களில் எது அப்படியே விட்டுவிடும்? சட்டம் விட்டுவிட்டது என்பதால் ஒரு காரியம் நியாயம் ஆகாது. சட்டம் எப்போதும் அறத்துக்குக் கொஞ்சம் பின்னால்தான் வருகிறது.

விலைச்சீட்டு:

சில சமயம் ரொம்ப முன்னாலும் போய்விடுகிறது, வக்கீல் சார். திறமையான பெரியவனைப் பிடித்து வைத்துத் திறமையில்லாத சின்னவனைக் காப்பாற்றுவதும் நடக்கிறது. அதற்கு யார் பணம் கொடுக்கிறார்? வாங்குபவர்.

செவ்வந்தி:

வாங்குபவர், வாங்குபவர் என்று எல்லாரும் என்னைப் பற்றியே பேசுகிறீர்கள், அதனால் வருகிறேன். நான் ஒரு தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். நூல்கண்டு விற்கிற மாதிரிப் பொருட்களை வாங்குகிறவள்தான்.

உங்கள் கூட்டாளிக்குச் சொல்ல வார்த்தை இல்லை என்றீர்கள், நான் தருகிறேன். போலி ரிவ்யூ உங்களை அடிக்கிறது என்று நினைக்கிறீர்கள். அது முதலில் அடிப்பது என்னை. ஐந்து நிறுவனங்களில் யாரைக் கூப்பிடுவது என்று பார்க்க எனக்கு இருப்பது அந்தப் பக்கம்தான். அதில் பொய்யை நிரப்பினால் நான் தவறான ஆளிடம் போவேன். கேஜ் தப்பாகக் காட்டும்போது என் ஆலையில் நிற்பவர் அதன் பலனை அனுபவிப்பார். 'அவன் எனக்குச் செய்தான், நான் அவனுக்குச் செய்கிறேன்' என்று கூட்டாளி சொல்கிறார் இல்லையா? அவர் அவனுக்குச் செய்யவில்லை. எனக்குச் செய்கிறார். நான் அவருக்கு என்ன கெடுதல் செய்தேன்?

இது அறம். வியாபாரக் கணக்கும் சொல்கிறேன். இரண்டு பக்கமும் பொய் ரிவ்யூ என்று தெரிந்தால் நான் ரிவ்யூ பார்ப்பதையே விட்டுவிடுவேன். அப்புறம் எதை நம்புவேன்? பெரிய பெயரை. என் மேலதிகாரி கேட்டால் 'பெரிய நிறுவனம் சார்' என்று சொல்லித் தப்பிக்கலாம் பாருங்கள். ஆக இந்தச் சண்டையில் நீங்கள் ஜெயித்தாலும் தோற்றாலும் ஆர்டர் அந்தப் பக்கம்தான் போகும். சின்ன நிறுவனத்துக்கு நம்பகமான ரிவ்யூ பக்கம் ஒரு சொத்து. அதை நீங்களே கொளுத்தாதீர்கள்.

அரைக்கால்:

இந்தப் பதிவை அச்செடுத்துக் கூட்டாளியின் மேசையில் ஒட்டுங்கள்.

கறுப்புக்கோட்டு:

சட்டமும் இப்போது அம்மா சொல்லும் பக்கம் வந்துவிட்டது. அமெரிக்க வர்த்தக ஆணையம் 2024இல் போலி ரிவ்யூக்களை வாங்குவதையும் விற்பதையும் நேரடியாகத் தடை செய்து விதி போட்டது. காசு கொடுத்து எழுதச் சொன்னவரும் மாட்டுவார். நூல்கண்டு, ஒவ்வொரு ரிவ்யூவையும் தேதியோடு படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். தளத்துக்குப் புகார் அனுப்பும்போது 'இந்தப் பெயரில் எங்களுக்கு விற்பனையே இல்லை' என்பதோடு நிறுத்துங்கள். எழுதியது யார் என்று ஊகிக்காதீர்கள்; ஆதாரமில்லாமல் அவர்கள் மேல் சொன்னால் பழி சொன்னவர் நீங்களாகிவிடுவீர்கள்.

மூன்றாம்மேசை:

விலகிப் போன அந்த விற்பனை ஊழியருக்காகவும் ஒருவர் பேச வேண்டும். நானும் ஒரு நிறுவனத்திலிருந்து விலகி, அதன் போட்டியாளரிடம் சேர்ந்தவன். ஒரு தாள்கூட எடுத்து வரவில்லை. ஆனாலும் பழைய வாடிக்கையாளர்கள் சிலர் என்னைத் தேடி வந்தார்கள், பழைய முதலாளி வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். பத்து வருடம் பழகியவர்களின் பெயரை நான் மறந்துவிட வேண்டுமாம்.

ஆள் எடுப்பதை அநியாயம் என்று சொல்லவே கூடாது என்பது என் கட்சி. ஊழியர் யாருடைய சரக்கும் இல்லை. கலிபோர்னியாவில் 1872 முதலே, விலகியவரைப் போட்டி நிறுவனத்துக்குப் போகாதே என்று கட்டிப்போடும் ஒப்பந்தம் செல்லாது. மறுபக்கம், ஒருவர் ஆளை ஒருவர் இழுக்கக் கூடாது என்று முதலாளிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வதுதான் உண்மையான குற்றம். ஆப்பிள், கூகுள், இன்டெல், அடோபி எல்லாம் அப்படிப் பேசிவைத்து, 2010இல் அமெரிக்க நீதித் துறையிடம் மாட்டின. பிறகு ஊழியர்கள் போட்ட வழக்கில் அந்த நான்கும் 41.5 கோடி டாலர் கொடுத்துத் தீர்த்தன.

நூல்கண்டு:

மூன்றாம்மேசை, அவர் போனதில் எனக்குக் கோபமில்லை, அந்தச் சம்பளத்தை என்னால் கொடுக்க முடியாது. ஒப்பந்தம் முடியும் தேதிகள்தான் உறுத்துகின்றன. நானூறு சொச்சம் தேதிகளை யாரும் மனப்பாடம் செய்ய முடியாது. கடைசி வாரத்தில் அவர் அந்தப் பட்டியலை இறக்கிக்கொண்டதற்கு எங்கள் கணினியில் தடயம் இருக்கிறது.

மூன்றாம்மேசை:

அப்படியானால் நான் அவர் பக்கம் இல்லை. தலையில் இருப்பது அவருடையது, கோப்பில் இருப்பது உங்களுடையது. நடுவில் மங்கலான இடம் உண்டு, ஆனால் நானூறு தேதி மங்கலான இடம் இல்லை.

ஐந்தொகை:

பட்டியலைக் கொடுத்தவரைவிட அதை வாங்கிப் பயன்படுத்திய நிறுவனம்தான் பெரிய குற்றவாளி என்பேன். வாங்க மறுப்பதற்கு முன்மாதிரி இருக்கிறது. 2006இல் கோகோ கோலாவின் ரகசியங்களை விற்கிறோம் என்று பெப்சிக்கு ஒரு கடிதம் வந்தது. விற்க வந்தவர்களில் ஒருவர் கோகோ கோலா தலைமையகத்திலேயே வேலை பார்த்தவர். பெப்சி அந்தக் கடிதத்தை நேராக கோகோ கோலாவிடமே கொடுத்துவிட்டது. எஃப்பிஐ வலை விரித்து மூவரைப் பிடித்தது. ஒரு நூற்றாண்டாக முட்டிக்கொள்ளும் இரண்டு நிறுவனங்கள், பாருங்கள்.

எதிர் உதாரணமும் உண்டு. பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஆட்கள் வர்ஜின் அட்லாண்டிக்கின் பயணிகள் விவரத்தைக் கணினியில் பார்த்து, அவர்களைத் தங்கள் விமானத்துக்கு இழுத்தார்கள். 1993 ஜனவரியில் அவதூறு வழக்கு ஒன்றின் முடிவில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் மன்னிப்புக் கேட்டு, வர்ஜின் நிறுவனர் ரிச்சர்ட் பிரான்சனுக்கு 5 லட்சம் பவுண்டும் வர்ஜினுக்கு 1,10,000 பவுண்டும் கொடுத்தது. பயணி தானாகத்தானே விமானம் மாறினார் என்று அங்கேயும் சொல்லலாம். ஆனால் அவரைக் கண்டுபிடித்த வழி திருட்டு வழி.

மட்டுறுத்துநர்:

ஒரு உறுப்பினர் அந்தப் பெரிய நிறுவனம் இதுதானே என்று பெயர் சொல்லிக் கேட்டிருந்தார். அந்தப் பதிவை நீக்கியிருக்கிறேன். யூகப் பெயர்கள் வேண்டாம்.

சங்கிலி:

எல்லாரும் அறம் பேசுகிறீர்கள், சின்னவன் பிழைக்க வழி சொல்லவில்லை. நான் சொல்கிறேன். உங்கள் தொழிலில் உள்ள சிறு நிறுவனங்கள் எல்லாரும் ஒரு நாள் உட்கார்ந்து பேசுங்கள். இந்த விலைக்குக் கீழே யாரும் விற்பதில்லை, இவன் வாடிக்கையாளர் பக்கம் அவன் போவதில்லை என்று கையடித்துக்கொள்ளுங்கள். யாருக்கும் கெடுதல் இல்லை, எல்லாருக்கும் சோறு.

விலைச்சீட்டு:

யாருக்கும் கெடுதல் இல்லையா? செவ்வந்தி எழுதியதைப் படித்தீர்களா?

கறுப்புக்கோட்டு:

சங்கிலி, தயவுசெய்து இதை யாருக்கும் யோசனையாகச் சொல்லாதீர்கள். இந்த இழையில் பேசிய எல்லாவற்றிலும் இதுதான் மோசமானது. பல நாடுகளில் இதற்குச் சிறையே உண்டு. 1990களில் கால்நடைத் தீவனத்தில் சேர்க்கும் லைசினைத் தயாரித்த நிறுவனங்கள் இப்படித்தான் ஓட்டல் அறைகளில் கூடிப் பேசின, எஃப்பிஐ ரகசியமாகப் படம் பிடித்துக்கொண்டிருந்தது. போட்டியாளர் நமக்கு நண்பர், வாடிக்கையாளர்தான் எதிரி என்ற பேச்சு அந்த வட்டாரத்திலிருந்து வந்ததுதான். அமெரிக்காவின் ஆர்ச்சர் டேனியல்ஸ் மிட்லண்ட் (ADM) நிறுவனம் லைசினுக்கும் சிட்ரிக் அமிலத்துக்குமாகச் சேர்த்து 1996இல் 10 கோடி டாலர் அபராதம் கட்டியது, மேலதிகாரிகள் சிலர் சிறைக்கும் போனார்கள்.

சங்கிலி:

அவர்கள் உலகத்தையே வைத்திருந்தவர்கள். நான்கு சின்னக் கடைக்காரர்கள் பேசுவதும் அதுவும் ஒன்றா?

ஐந்தொகை:

அளவு வேறு, காரியம் ஒன்றுதான். செவ்வந்திக்கு நான்கு விலை கிடைக்க வேண்டிய இடத்தில் ஒரே விலையை நான்கு கடிதத் தலைப்பில் அனுப்புகிறீர்கள். அவர் தேர்ந்தெடுப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார். நான்கு பேர் வெளிப்படையாகச் சேர்ந்து மொத்தமாகக் கொள்முதல் செய்து செலவைக் குறைப்பது வேறு. அதற்குப் பல நாடுகளில் இடம் உண்டு, ஒரு வக்கீலைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

சங்கிலி:

சின்னவனுக்கு எல்லாம் தப்பு. சரி, நான் வரவில்லை.

செவ்வந்தி:

நூல்கண்டு, முன்னால் கேட்க நினைத்து விட்டுவிட்டேன். அவர்கள் விலையில் கேலிபரேஷன் சான்றிதழ், அதாவது கருவி சரியாக அளக்கிறதா என்று சோதித்துக் கொடுக்கும் தாள், சேர்ந்ததா? எந்த ஆய்வகம்?

நூல்கண்டு:

நல்ல கேள்வி. நேற்று ஒரு வாடிக்கையாளர் அவர்கள் கொடுத்த சான்றிதழை அனுப்பினார். சோதனை ஆய்வகங்களுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ/ஐஇசி 17025இன்படி அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் முத்திரை இல்லை. 'சோதிக்கப்பட்டது' என்று ஒரு வரி, ஒரு கையெழுத்து. எந்த அழுத்தத்தில் எவ்வளவு பிழை என்ற அட்டவணையே கிடையாது. நாங்கள் ஒவ்வொரு கேஜையும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதிக்கிறோம். விலை வித்தியாசத்தில் கணிசமான பங்கு அதுதான் என்று இப்போது கணக்குப் போட்டால் தெரிகிறது.

ஐந்தொகை:

பாருங்கள், இவ்வளவு நேரம் விலையைப் பற்றிப் பேசி உண்மையான இடத்தை விட்டுவிட்டோம். எதிராளி செய்ய வேண்டிய வேலையைச் செய்யாமல் மிச்சம் பிடித்த காசுதான் அந்தக் குறைந்த விலை. 2015இல் ஃபோக்ஸ்வேகன் மாட்டியதை எல்லாரும் சுற்றுச்சூழல் மோசடியாகத்தான் பேசினார்கள். உலகம் முழுவதும் ஏறத்தாழ 1.1 கோடி கார்களில், சோதனை நடக்கும்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருள். அது போட்டி மோசடியும்தான். நேர்மையாகப் புகையைக் குறைக்கச் செலவழித்த நிறுவனங்களின் கார் அதன் பக்கத்தில் விலை அதிகமாகவோ வேகம் குறைவாகவோ தெரிந்திருக்கும். விதியை மீறுகிறவன் விதியை மதிக்கிறவனின் காசில்தான் மலிவாக விற்கிறான். கூலி, பாதுகாப்பு, வரி எதில் ஏமாற்றினாலும் இதே கணக்குதான்.

விலைச்சீட்டு:

இதை நான் முழுதாக ஒப்புக்கொள்கிறேன். மலிவு விலைக்கு நான் வாதாடியது அதே பொருளை மலிவாகக் கொடுப்பவருக்காக. வேறு பொருளை அதே பெயரில் விற்பவருக்காக இல்லை. ஒரு நிபந்தனை: சான்றிதழ் வேண்டாம், மலிவாக வேண்டும் என்று தெரிந்தே கேட்கிற வாடிக்கையாளருக்கு அப்படி விற்பதில் தப்பில்லை.

செவ்வந்தி:

தெரிந்தே கேட்டால் சரி. எனக்கு வந்த விலைப்பட்டியல்களில் அப்படி யாரும் பிரித்துச் சொன்னதில்லை.

நூல்கண்டு:

இழை நீண்டுவிட்டது, இப்போதைய நிலவரம். பட்டியல் விஷயத்தில் வக்கீல் மூலம் அந்த நிறுவனத்துக்குக் கடிதம் போகிறது. பழைய ஊழியரைத் தனியாகக் குறிவைக்கவில்லை. ரிவ்யூக்களுக்குத் தளத்தில் புகார் கொடுத்தோம், சில நீக்கப்பட்டன, சில அப்படியே இருக்கின்றன. விலையைக் குறைக்கப் போவதில்லை. கூட்டாளிக்கு செவ்வந்தியின் பதிவைக் காட்டினேன். படித்துவிட்டு, 'அந்தம்மா நம்மிடம் வாங்குகிறாரா?' என்று மட்டும் கேட்டார்.

அவருடைய புதிய யோசனை: இரண்டு சான்றிதழ்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதிராளி பெயரோடு, எல்லா வாடிக்கையாளர்களுக்கும் அனுப்புவது. உண்மைதானே, இதில் என்ன தப்பு என்கிறார். செய்யலாமா?

கறுப்புக்கோட்டு:

உண்மையைச் சொல்வது நியாயமற்ற போட்டி இல்லை. ஆனால் ஒரு வாடிக்கையாளருக்கு வந்த ஒரு தாளை வைத்து 'அவர்கள் எல்லாருக்கும் இப்படித்தான்' என்று எழுதினால், தெரிந்ததைத் தாண்டிப் போகிறீர்கள். அந்தத் தாளைக் கொடுத்தவரிடம் அனுமதியும் வாங்கவில்லை. ஒப்பிட்டு விளம்பரம் செய்வதற்கு ஐரோப்பாவில் வைத்திருக்கும் நிபந்தனையே இங்கே வழிகாட்டட்டும்: சரிபார்க்கக்கூடிய, பொருளுக்கு முக்கியமான அம்சத்தை மட்டும் ஒப்பிடு, எதிராளியை இழிவுபடுத்தாதே.

விலைச்சீட்டு:

பெயர் போட்டால் என்ன? வாங்குபவருக்கு அதுதானே உபயோகமான தகவல்.

செவ்வந்தி:

விலைச்சீட்டு, எனக்குப் பெயர் வேண்டாம். பெயரோடு வரும் கடிதம் சண்டைக் கடிதம் மாதிரி இருக்கும், மேலதிகாரி ஓரமாக வைத்துவிடுவார். நூல்கண்டு, உங்கள் சான்றிதழ் ஒன்றை மட்டும் வைத்து அனுப்புங்கள். எந்த அழுத்தத்தில் எவ்வளவு பிழை, எந்த ஆய்வகம், அங்கீகார எண், சோதித்த தேதி எல்லாம் அதில் தெரிய வேண்டும். கீழே, யாரிடம் வாங்கினாலும் இந்த நான்கும் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள் என்று ஒரு வரி போதும். எங்கள் விலைக்கோரல் படிவத்தில் இந்த நான்கையும் சேர்க்கச் சொல்லி நான் இன்று காலையே எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர்களும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதித்து இதே விலைக்குக் கொடுத்தால் அவர்களிடம்தான் வாங்குவேன், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.